பாட்டு முழுசா ஞாபகம் இருக்கு, மாத்திரை போட்டது மட்டும் மறந்துடுதே டாக்டர்

ஒரு வாசகி ரொம்ப விரிவா ஒரு கடிதம் எழுதியிருந்தாங்க. அவங்க யாருன்னு தெரியாத மாதிரி சுருக்கி இங்க சொல்லிட்டு பதிலுக்கு வர்றேன், ஏன்னா இதே கேள்வி பல வீடுகள்ல இருக்கு, கேக்கத்தான் தயக்கம்.

அவங்களுக்கு 46 வயசு, அம்மாவுக்கு 71. அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு. அப்பாவுக்கு சினிமா பாட்டுன்னா உயிர். ரேடியோ பக்கத்துல டேப் ரெக்கார்டரை வச்சு ஒவ்வொரு பாட்டா பிடிப்பாராம், காசெட் அட்டையில குண்டு குண்டா பாட்டு வரிசை எழுதி, மேல நடிகர் நடிகைங்க முகத்தை பென்சில்ல வரைஞ்சு ஒட்டுவாராம். அப்படி ஒரு பெட்டி நிறைய காசெட் இருக்கு. அம்மா அந்தப் பாட்டையெல்லாம் இன்னிக்கும் ஒரு வார்த்தை பிசகாம, சரணத்துக்கு நடுவுல வர்ற மியூசிக்கை கூட வாயாலயே போட்டு பாடுறாங்க.

ஆனா ஒரு வருஷமா வேற மாதிரி. கேட்டதையே நாலு தடவை கேக்குறாங்க. மாத்திரை போட்டதை மறந்துட்டு திரும்ப போடுறாங்க. ரெண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்துட்டாங்க. வீட்டுக் கணக்கு மொத்தமும் கையில வச்சிருந்தவங்க இப்போ நோட்டைப் பாத்து முழிக்கிறாங்க. தம்பி சொல்றது, "அம்பது வருஷத்துக்கு முன்னாடி பாட்டு ஞாபகம் இருக்கு, அரை மணிக்கு முன்னாடி போட்ட மாத்திரை ஞாபகம் இல்லையா, அம்மா நடிக்குது, நம்ம கவனத்துக்காக." கடிதம் எழுதின அக்காவுக்கோ, இவ்ளோ தெளிவா பாடுறவங்களுக்கு மூளையில என்ன குறை இருக்கப் போகுதுன்னு ஒரு நம்பிக்கை. பாட்டு கேட்டா மறதி சரியாகும்னு எங்கயோ படிச்சுட்டு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பாட்டு ஓட விடுறாங்க.

ஒரு காசெட்ல ரெண்டு பாட்டுக்கு நடுவுல அப்பாவோட குரல் இருக்காம். "டேய் சத்தம் போடாதீங்க, ரெக்கார்ட் ஆகுது"ன்னு சொல்றாரு, பின்னாடி இவங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்களா சிரிக்கிறது கேக்குது. போன மாசம் ரெண்டு தடவை, சாயங்கால நேரத்துல, அந்த இடம் வந்ததும் அம்மா எழுந்து வாசல் பக்கம் பாத்து "வந்துட்டாரா?"ன்னு கேட்டிருக்காங்க. இவங்க "அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சும்மா"ன்னு சொன்னதும் அம்மா அப்பத்தான் செய்தி கேட்ட மாதிரி அழுதிருக்காங்க. அதுக்கப்புறம் இவங்க அந்தக் காசெட்டையும் அப்பா வரைஞ்ச படங்களையும் பரண்ல ஏத்திட்டாங்க.

கடைசியா தன்னைப் பத்தி. பாட்டிக்கும் எம்பது வயசுக்கு மேல "புத்தி கலங்கிப் போச்சு", அடுத்தது அம்மா, அப்போ எனக்கும்தானே, ஜீன் டெஸ்ட் எடுக்கலாமான்னு கேக்குறாங்க. தூக்கம் அஞ்சு மணி நேரம்தான். நடக்கப் போறதை நிறுத்தியாச்சு. பிபி நார்மலுக்கு வந்துடுச்சுன்னு மாத்திரையையும் நிறுத்தியாச்சு. அதுக்கு பதிலா தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் போன்ல ஞாபகசக்தி கேம் ஆடுறாங்க.

சகோதரி, உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். அந்த "ரெக்கார்ட் ஆகுது" வர்ற இடத்துல ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் நின்னுட்டுதான் மேல படிக்க முடிஞ்சுது. கடிதத்தை மட்டும் வச்சு உங்க அம்மாவுக்கு இன்ன நோய்னு நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனா நீங்க நம்பிட்டிருக்குற சில விஷயங்கள் தப்பு, அந்தத் தப்பால நாள் வீணாப் போகுது, அதனால அதை நேராவே சொல்லிடுறேன்.

பாட்டு மட்டும் எப்படி மறக்காம இருக்கு

முதல்ல தம்பிகிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க. அம்மா நடிக்கலை. அதே மாதிரி நீங்க நினைக்கிறதும் சரி இல்லை, பாட்டு ஞாபகம் இருக்குறதால மறதி நோய் இல்லைன்னு ஆகிடாது. நீங்க ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பாத்துட்டு ரெண்டு எதிரெதிர் முடிவுக்கு வந்திருக்கீங்க, ரெண்டுமே தப்பு.

உங்க அப்பாவோட டேப் ரெக்கார்டரையே எடுத்துக்கோங்க. அதுல ப்ளே வேற, ரெக்கார்ட் வேற. ரெக்கார்ட் பண்ற பகுதி மட்டும் பழுதானா புதுசா எதையும் பிடிக்க முடியாது, ஆனா பழைய காசெட்டைப் போட்டா கணீர்னு பாடும். அல்சைமர் மாதிரியான மறதி நோய்ல ஆரம்பத்துல அடி வாங்குற இடங்கள்ல முக்கியமானது ஹிப்போகாம்பஸ், அதாவது புதுசா நடக்குறதை ஞாபகமா பதிய வைக்கிற பகுதி. மாத்திரை போட்டது அங்க பதியவே இல்லை. பதியாத ஒண்ணை எப்படி ஞாபகப்படுத்த முடியும்? பழையது ரொம்ப நாள் நிக்கும், புதுசுதான் முதல்ல போகும்ங்கிறதை பிரான்ஸ்ல ரிபோன்னு ஒரு அறிஞர் 1881லயே எழுதி வச்சுட்டாரு, அல்சைமர்னு ஒரு டாக்டர் 1906ல அந்த நோயை விவரிச்சு சொல்றதுக்கு கால் நூற்றாண்டு முன்னாடியே.

பாட்டுக்கு இன்னொரு பலமும் உண்டு. பத்து வயசுல இருந்து முப்பது வயசுக்குள்ள நாம கேட்டது, பாத்தது, அனுபவிச்சது எல்லாம் மத்த வயசு ஞாபகத்தை விட ஆழமா பதியும்னு ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க. உங்க அம்மா பாடுறதெல்லாம் அவங்க இளவயசுப் பாட்டுதான், யோசிச்சுப் பாருங்க. அதோட பாட்டுல மெட்டு, தாளம், வார்த்தை, வாய் அசையுற பழக்கம், கூடவே அந்த நேரத்து சந்தோஷம்னு ஒரே விஷயம் மூளையில பல இடத்துல பதிஞ்சிருக்கும். ஒரு பக்கம் இடிஞ்சாலும் இன்னொரு பக்கமா உள்ள போயிடலாம். 2015ல வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வுல, ரொம்ப நாள் பழகின பாட்டை அடையாளம் காணுற மூளைப் பகுதிகள், அல்சைமர் வந்தவங்க கிட்ட மத்த பகுதிகளை விட குறைவாவே சுருங்கியிருக்குன்னு பாத்தாங்க.

டோனி பென்னட்னு அமெரிக்காவுல ஒரு பெரிய பாடகர். 2016ல அவருக்கு அல்சைமர்னு தெரிஞ்சுது, 2021 பிப்ரவரியிலதான் குடும்பம் வெளிய சொன்னாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல, 95 வயசுல, நியூயார்க்ல பெரிய மேடை ஏறி பாட்டு பாட்டா பாடினாரு. அதைப் பாத்தவங்க யாரும் இவருக்கு மறதி நோயா சான்ஸே இல்லைன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆனா இருந்துச்சு. உங்க அம்மாவுக்கும் அதேதான்னு நான் சொல்ல வரலை, பாடுறதை வச்சு முடிவு பண்ணாதீங்கன்னுதான் சொல்றேன்.

கடிதத்துல ஓரமா எழுதின மூணு விஷயம்

உங்களுக்கு சின்னதா தோணினதுதான் ஒரு டாக்டரா எனக்கு முக்கியமா பட்டுச்சு. ஒண்ணு, அம்மாவுக்கு சுகர் இருக்கு, பத்து வருஷத்துக்கு மேல மெட்ஃபார்மின் போடுறாங்க. ரெண்டு, அப்பா இறந்தப்போ தூக்கத்துக்குன்னு குடுத்த மாத்திரையை இன்னும் நிறுத்தலை, சளி பிடிச்சா போடுற மாத்திரையும் அப்பப்போ. மூணு, டிவியை அவ்ளோ சத்தமா வைக்கிறாங்கன்னு பேரப் பிள்ளைங்க கம்ப்ளெயின்ட்.

மெட்ஃபார்மினை வருஷக்கணக்கா எடுக்குறவங்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், பி12 குறைஞ்சா மறதி வரும், தடுமாற்றம் வரும், கால் மரத்துப் போகும். தூக்க மாத்திரையில பல வகை வயசானவங்களுக்கு ஞாபகத்தை மந்தமாக்கும். பழைய வகை சளி, அலர்ஜி மாத்திரைகளும் அப்படித்தான், 71 வயசு மூளைக்கு அது 30 வயசு மூளைக்கு மாதிரி ஒத்துக்காது. காது சரியா கேக்கலைன்னா நீங்க சொன்னதே அவங்களுக்குப் போய் சேர்ந்திருக்காது, சேராததை மறந்துட்டாங்கன்னு நீங்க கணக்கு வைப்பீங்க. இது போக தைராய்டு குறைபாடு, ரத்தத்துல சோடியம் குறையுறது, சிறுநீர்த் தொற்று, எப்பவோ விழுந்து தலையில அடிபட்டு உள்ள மெதுவா ரத்தம் கட்டுறது, இதெல்லாமும் மறதி வேஷத்துல வரும். முக்கியமா மனச்சோர்வு. நாப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா வாழ்ந்தவர் போயிட்டாரு, அந்த துக்கம் மூணு வருஷத்துல தீர்ந்துடணும்னு எந்த சட்டமும் இல்லை, தீராத துக்கம் சில பேருக்கு அழுகையா வராம மறதியா, எதுலயும் ஒட்டாத தன்மையா வரும்.

இதுல பாதிக்கு மேல கண்டுபிடிச்சா சரி பண்ணக் கூடியது. அதனாலதான் "வயசாச்சு, இப்படித்தான் இருக்கும்"ங்கிற வார்த்தை எனக்கு ஆகவே ஆகாது. சாவியை எங்க வச்சோம்னு தேடுறது வயசு. தினமும் பண்ணின கணக்கு புரியாம போறது, மாத்திரை ரெண்டு தடவை போடுறது, அடுப்பை மறக்குறது, இதை வயசுன்னு தள்ளிட்டு உக்காரக் கூடாது.

அதனால இந்த மாசத்துக்குள்ள அம்மாவை கூட்டிட்டுப் போங்க. முதியோர் மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ மனநல மருத்துவரோ யார் கிடைச்சாலும் சரி, பழகின குடும்ப டாக்டர்ல இருந்து ஆரம்பிச்சாலும் சரி. வீட்டுல இருக்குற எல்லா மாத்திரையையும், சும்மா வாங்கி வச்சதையும் சேத்து, ஒரு பையில போட்டு அப்படியே கொண்டு போங்க. எப்போ ஆரம்பிச்சுது, எது முதல்ல, எது அப்புறம்னு ஒரு பக்கத்துக்கு எழுதி எடுத்துட்டுப் போங்க. அங்க ரத்தப் பரிசோதனையில பி12, தைராய்டு, சோடியம், சுகர், கிட்னி, ஈரல் பாப்பாங்க, காது கண்ணு பாப்பாங்க, 30 மார்க்குக்கு ஒரு ஞாபகப் பரிசோதனை வைப்பாங்க, தேவைப்பட்டா மூளை ஸ்கேன். அந்த 30 மார்க் டெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு வீட்டுல ட்ரெய்னிங் குடுக்காதீங்க, பல பிள்ளைங்க பாசத்துல இதைப் பண்ணிட்டு உண்மையான நிலைமையை டாக்டர்கிட்ட இருந்து மறைச்சுடுறாங்க.

தூக்க மாத்திரையை நீங்களா இன்னிக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க. ரொம்ப நாள் எடுத்ததை திடீர்னு நிறுத்தினா குழப்பம், நடுக்கம், சில பேருக்கு வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா குறைக்கணும். அதுவரைக்கும் வாரக் கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒண்ணு வாங்கி, அதைப் பூட்டி வச்சு சாவி உங்க கையில இருக்கட்டும், சுகர் மாத்திரை ரெண்டு தடவை போறது விளையாட்டு இல்லை. அடுப்பு பக்கம் அவங்க தனியா இருக்க வேண்டாம், ஆனா சமையல்ல இருந்து மொத்தமா விலக்கிடாதீங்க, கூட நின்னு செய்யட்டும்.

ஒரு விஷயம் மட்டும் உடனடி. ரெண்டு மூணு நாளுக்குள்ள திடீர்னு குழப்பம் அதிகமாச்சு, காய்ச்சல், ஒரு பக்கம் கை கால் இழுக்குது, பேச்சு குளறுது, விழுந்து தலையில அடிபட்டுச்சு, இதுல எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, அவசர சிகிச்சைக்குப் போயிடுங்க.

பாட்டு மருந்தா

பாட்டு மறதி நோயை குணமாக்கும்னு நீங்க படிச்சது உண்மை இல்லை. இதுவரைக்கும் நடந்த ஆய்வுகளை மொத்தமா சேத்துப் பாத்தா தெரியறது, இசையால மறதி நோய் வந்தவங்களோட மனச்சோர்வு கொஞ்சம் குறையுது, மனசு லேசாகுது. போன ஞாபகசக்தி திரும்பி வர்றதில்லை. அவ்ளோதானான்னு சோர்ந்து போகாதீங்க, ஏன்னா நாள் முழுக்க பதட்டமா இருக்குற ஒருத்தர் அரை மணி நேரம் நிம்மதியா இருக்குறது அந்த வீட்டுக்கே பெரிய விஷயம். ஆனா பாட்டை நம்பி டாக்டர்கிட்ட போகாம இருந்தா பி12 குறைபாடு அப்படியேதான் இருக்கும்.

காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஓட விடுறதை நிறுத்துங்க. இடைவிடாத சத்தம் மறதி உள்ளவங்களை களைப்பாக்கும், யார் பேசுறா எது பாட்டுன்னு பிரிச்சுப் பாக்க அவங்க மூளை படாத பாடு படும், சாயங்காலம் ஆக ஆக எரிச்சலும் குழப்பமும் கூடும். காதுக்கும் நல்லதில்லை, உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்ற பாதுகாப்பு அளவே 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்தான், நீங்க சொல்ற கணக்குப்படி உங்க வீட்டுல அது மூணே நாள்ல தாண்டிடும், சத்தம் அந்த அளவுக்கு இருந்தா.

நான் சொல்றது, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, அரை அரை மணி நேரம், நீங்களும் கூட உக்காருங்க. மாத்திரை வேளைக்கு தினமும் ஒரே பாட்டு வைங்க, கொஞ்ச நாள்ல அந்தப் பாட்டே மாத்திரைக்கு மணி அடிச்ச மாதிரி ஆகிடும். குளிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா அதுக்கு ஒரு பாட்டு. தாளம் தட்டச் சொல்லுங்க, எழுந்து நின்னு ரெண்டு அடி வைக்கச் சொல்லுங்க, சும்மா கேக்குறதை விட கூட சேந்து பாடுறதும் அசையுறதும் எவ்வளவோ மேல். உலக சுகாதார நிறுவனம் 65 வயசுக்கு மேல வாரத்துக்கு மூணு நாளாவது உடம்பு பேலன்ஸுக்கான பயிற்சி பண்ணச் சொல்லுது, உங்க அம்மாகிட்ட பயிற்சின்னு சொன்னா வர மாட்டாங்க, பாட்டைப் போட்டு கையைப் பிடிச்சா வருவாங்க. பாடாதீங்கம்மா பக்கத்து வீட்டுக்கு கேக்கும்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.

அப்பா வரைஞ்ச படங்களை பரண்ல இருந்து இறக்குங்க. அமெரிக்காவுல ராபர்ட் பட்லர்னு ஒரு முதியோர் மனநல மருத்துவர் 1963லயே எழுதினாரு, வயசானவங்க பழசையே பேசுறது புத்தி மழுங்கினதோட அடையாளம் இல்லை, வாழ்ந்த வாழ்க்கையை திரும்பிப் பாத்து அடுக்கி வைக்கிற இயல்பான வேலைன்னு. அதுக்கு முன்னாடி டாக்டர்களே அதை ஒரு குறையாத்தான் பாத்தாங்க. இன்னிக்கு பல முதியோர் இல்லங்கள்ல பழைய போட்டோ, பழைய பொருள், பழைய பாட்டு எல்லாம் வச்சுப் பேச வைக்கிறதை ஒரு சிகிச்சை முறையாவே பண்றாங்க. உங்க வீட்டுல அது ஒரு பெட்டி நிறைய இருக்கு. படத்தைக் கையில குடுத்துட்டு "இது யாரு, சொல்லு பாப்போம்"னு பரீட்சை வைக்காதீங்க, தெரியலைன்னா அவமானமா இருக்கும். "இந்த மூக்கை எவ்ளோ அழகா வரைஞ்சிருக்காரு பாரும்மா"ன்னு நீங்க ஆரம்பிச்சு விட்டுட்டு சும்மா இருங்க. வந்தா வரட்டும், வரலைன்னா அந்தப் பென்சில் கோட்டைத் தடவிட்டு இருக்கட்டும்.

"வந்துட்டாரா?"ன்னு கேட்டா என்ன சொல்றது

உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப வலிச்ச இடம் இது, ஏன்னா நானும் இதே தப்பைப் பண்ணினவன். எங்க அப்பா கடைசி ரெண்டு வருஷம் இறந்து போன அவரோட அண்ணனைக் கேட்டுட்டே இருப்பாரு. நான் டாக்டர், உண்மையைச் சொல்லணும்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் "பெரியப்பா இறந்துட்டாருப்பா"ன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவரு முகம் உடைஞ்சுது, பத்து நிமிஷத்துல செய்தி மறந்துடும், ஆனா அந்த சோகம் மட்டும் ஏன்னு தெரியாமலேயே சாயங்காலம் வரைக்கும் நிக்கும். ஒரு மனுஷனை ஒரே அண்ணனுக்காக எத்தனை தடவை அழ வச்சிருக்கேன்னு இப்போ நினைச்சாலும் மனசு அடிச்சுக்குது.

செய்தி பதியாது, வலி பதியும். இதை நெனப்புல வச்சுக்கிட்டா என்ன பேசணும்னு தானா தெரியும். பொய் சொல்லவும் வேண்டாம், "இப்போ வந்துடுவாரு"ன்னா வாசல்லயே காத்திருப்பாங்க. மரணச் செய்தியை திரும்ப அறிவிக்கவும் வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்குற தேடலுக்கு பதில் சொல்லுங்க. "அப்பா குரல் கேட்டுச்சுல்ல, எனக்கும் அவர் ஞாபகம் வந்துடுச்சும்மா. ரெக்கார்ட் பண்ணும்போது நம்மளை எப்படி மிரட்டுவாரு"ன்னு கையைப் பிடிச்சு உக்கார வைங்க. பேச்சு அப்படியே அந்தக் காலத்துக்குப் போயிடும். ஒருவேளை தெளிவா இருக்குற நேரத்துல உங்க கண்ணைப் பாத்து "அவர் இல்லைல்ல?"ன்னு கேட்டா அப்போ மறைக்காதீங்க, ஆமாம்மான்னு சொல்லி கூட அழுங்க, அது அவங்க உரிமை.

ரெண்டு தடவையும் சாயங்காலம் நடந்ததையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. வெளிச்சம் மங்குற நேரத்துல குழப்பம் கூடுறது மறதி நோய்ல சகஜம், அந்த நேரத்துல லைட்டை சீக்கிரமே போட்டு வைங்க, அப்பா குரல் இருக்குற காசெட்டை காலை வேளைக்கு மாத்துங்க. அதைக் கேட்டு அம்மா அழுதா உடனே நிறுத்தணும்னு இல்லை, அழுகை எல்லாமே கெடுதல் இல்லை. அழுதுட்டு லேசாகுறாங்களா, இல்லை பதட்டமாகி அலைய ஆரம்பிக்கிறாங்களான்னு பாருங்க. லேசானா போடுங்க, அலைஞ்சா அந்தக் காசெட்டை நீங்க மட்டும் கேளுங்க.

எனக்கும் வருமா

பாட்டிக்கு எம்பது வயசுக்கு மேல வந்துச்சு, அம்மாவுக்கு என்னன்னு இன்னும் தெரியவே தெரியாது. அதுக்குள்ள நீங்க உங்களுக்கு தேதி குறிச்சுட்டீங்க. தலைமுறை தலைமுறையா நேரடியா இறங்குற ஜீன் மாற்றத்தால வர்ற அல்சைமர் நூத்துல ஒண்ணுக்கும் குறைவு, அது பெரும்பாலும் 65 வயசுக்கு முன்னாடியே வந்துடும். உங்க குடும்பக் கதை அந்த மாதிரி தெரியலை. அப்பா அம்மா வழியில ஒருத்தருக்கு இருந்தா நமக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்ளோதான். கடைகள்ல விக்கிற ஜீன் டெஸ்ட் பாக்குறது ஏபிஓஈ4ன்னு ஒரு ஜீனை. அது இருக்குறவங்க பல பேருக்கு கடைசி வரைக்கும் நோய் வர்றதில்லை, இல்லாதவங்களுக்கும் வருது. அந்த ரிப்போர்ட் வந்தா நீங்க பண்ணப் போற வேலை எதுவும் மாறாது, இருக்குற அஞ்சு மணி நேரத் தூக்கமும் போயிடும். இப்போ வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து.

2024ல லான்செட் மருத்துவ இதழோட ஆணையம் ஒரு அறிக்கை குடுத்துச்சு. காது கேளாமை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சுகர், புகை, உடல் உழைப்பு இல்லாதது, மனச்சோர்வு, தனிமைன்னு மாத்திக்கக் கூடிய 14 விஷயங்களைச் சொல்லி, அது எல்லாத்தையும் சரி பண்ண முடிஞ்சா உலகத்துல வர்ற மறதி நோயில 45 சதவீதம் வரைக்கும் தடுக்கவோ தள்ளிப் போடவோ வாய்ப்பிருக்குன்னு சொன்னாங்க. அந்தப் பட்டியல்ல நடுவயசு ரத்த அழுத்தமும் இருக்கு. நீங்க நிறுத்தினது அந்த மாத்திரையை.

பிபி நார்மலானது மாத்திரையாலதான் சகோதரி. குடை பிடிச்சதால நனையலை, அதுக்காக மழை நின்னுடுச்சுன்னு குடையை மடக்கிட்டீங்க. உங்க வயசுல மேல் அளவை 130க்குள்ள வச்சுக்கிறது இதயத்துக்கு மட்டும் இல்ல, இருபது முப்பது வருஷம் கழிச்சு உங்க ஞாபகத்துக்கும் நல்லது. அம்மாவை கூட்டிட்டுப் போற அதே நாள்ல உங்க பிபியையும் பாத்துட்டு மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க.

போன் கேமைப் பொறுத்தவரைக்கும், அதை ஆட ஆட அந்த கேம்ல கில்லாடி ஆவீங்க, மறதி நோய் வராதுன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை தூக்கத்துக்குக் குடுங்க. நடைக்கு வாரம் 150 நிமிஷம், அதாவது அஞ்சு நாள், நாளுக்கு அரை மணி நேரம், பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கிற வேகத்துல. ரெண்டு நாள் தசைக்கு வேலை. அந்த நேரத்துல அம்மாவை யார் பாத்துக்குறதுன்னு கேப்பீங்க, அங்கதான் தம்பி வரணும். அம்மா நடிக்குறாங்கன்னு நினைச்சவரு இதைப் படிச்ச பிறகு கொஞ்சம் கலங்கிப் போவாரு, அந்த நேரத்துல குத்திக் காட்டாம ஒரு வேலையைக் குடுங்க. தினம் அரை மணி நேரம் பாட்டு வேளைக்கு அவர் உக்காரட்டும், நீங்க செருப்பைப் போட்டுட்டு கிளம்புங்க. பாத்துக்கிறவங்க படுத்துட்டா ரெண்டு நோயாளி ஆகிடும் அந்த வீட்டுல, இதை நான் நிறைய பாத்துட்டேன்.

தம்பிக்கு இன்னொரு வேலையும் இருக்கு. காசெட்ல பாட்டு பதிஞ்சிருக்குறது நாடா மேல இருக்குற காந்தப் பூச்சுல, நாளாக ஆக அது உதிரும், ஈரத்துல பூஞ்சை பிடிக்கும், பழைய ப்ளேயர்ல மாட்டி அறுந்தாலும் அறுந்துடும். ஓட விடுறதுக்கு முன்னாடி பூஞ்சை இருக்கான்னு பாத்துட்டு, அந்த ஒரு காசெட்டை எல்லாத்துக்கும் முன்னாடி டிஜிட்டலா மாத்தி ரெண்டு மூணு இடத்துல சேமிச்சு வைக்கச் சொல்லுங்க. மாத்துறவங்க வழக்கமா பாட்டுக்கு நடுவுல வர்ற இரைச்சலையும் பேச்சையும் வெட்டி சுத்தம் பண்ணிக் குடுப்பாங்க, எதையும் வெட்ட வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. அப்புறம் பாட்டுக்காக வச்சிருந்ததுன்னு நினைச்சு மறுபக்கத்தை யாரும் முழுசா கேட்டிருக்க மாட்டீங்க, அதையும் கடைசி வரைக்கும் ஓட விட்டுப் பாருங்க, அங்கயும் அவர் ஏதாவது பேசியிருக்கலாம்.